மூடுவிழாவுக்கும் நாள் குறிக்க வேண்டும்



இந்தச் சாரற் பருவத்திலே, ரசிகமணி டி.கே.சி. தம் இறுதிக்காலத்தைக் கழித்த இந்தக் குற்றாலத்திலே, ராஜாஜியும் கல்கியும் வந்திருந்து கவியின்பம் நுகர்ந்த இந்த ஊரிலே, கூடங்குளம் அணுமின் நிலையத்தைப் பற்றிப் பேச எழுந்திருக்கிறேன். 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமாகப் பிரியும்வரையில் கூடங்குளமும் குற்றாலமும் ஒரே திருநெல்வேலி ஜில்லாவின் இரு கோடிகளாகவே இருந்தன. ஆதலால் அந்தக் கடற்கரையின் கவலையை அயலூர்க் கவலையென்று நாம் ஒதுக்கிவிடுவதற்கில்லை.

அந்நிலையத்துக்காக 1988-இல் ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் செய்துகொண்ட ஒப்பந்தமும், 2011-இல் ஃபுகுஷிமா விபத்தைக் கண்டு கலங்கி இடிந்தகரை மாதா கோயில் முன்னே கடற்கரை மக்கள் இருந்த உண்ணாவிரதமும், 2013 மே 6-இல் உச்சநீதிமன்றம் நிபந்தனைகளுடன் அளித்த தீர்ப்பும், அதே ஆண்டு ஜூலையில் முதல் உலை இயங்கத் தொடங்கியதும் நீங்கள் அறிந்த சரித்திரம். திறக்கலாமா, கூடாதா என்று பல்லாண்டு வாதாடினோம். திறந்தது ஒருநாள் மூடப்பட்டே தீருமே, அன்று என்ன செய்வது என்ற கேள்வியை மட்டும் மேடைகளில் அதிகம் கேட்டோமில்லை.

செங்கோட்டைக் கணவாய் வழியே நுழைந்து நம்மை நனைக்கும் இந்தக் காற்றுத்தான் கிழக்கே போய்ச் சுரண்டைப் பக்கத்துக் காற்றாலைகளைச் சுழற்றுகிறது. காற்றாலை ஒன்று தேய்ந்துபோனால், கழற்றி லாரியில் ஏற்றி, அடித்தளத்தையும் பெயர்த்துவிட்டு, அந்த நிலத்திலே உளுந்து விதைத்துவிடலாம். அணு உலையின் கதை வேறு. கூடங்குளத்து உலை ஒவ்வொன்றும் ஏறத்தாழ 3000 மெகாவாட் வெப்பத்தை உண்டாக்கி, அதில் மூன்றிலொரு பங்கை மின்சாரமாக்குகிறது. அணுப்பிளவை நிறுத்திய அந்த க்ஷணத்திலும், பிளந்த அணுக்களின் சிதைவினால், நூற்றுக்கு ஆறு பங்கு வெப்பம் தொடர்ந்து எழுந்துகொண்டிருக்கும். 200 மெகாவாட்டுக்குச் சற்றேறக்குறைய என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபுகுஷிமாவில் ஓடிக்கொண்டிருந்த உலைகள் பூகம்பத்தின்போது முறைப்படி நின்றுதான் போயின. நின்ற பிறகு அவற்றைக் குளிர்விக்க வேண்டிய மின்சாரத்தைச் சுனாமி பறித்துக்கொண்டதனாலேயே அவை உருகின. நிறுத்தியதும் முடிந்தது என்ற எண்ணம் எவ்வளவு பிழையானது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுவதில்லை.

கூடங்குளத்து உலையினுள்ளே 163 எரிபொருள் கட்டுகள் நிற்கின்றன. அறுகோண வடிவமான ஒவ்வொரு கட்டும் ஓர் ஆளின் உயரத்துக்கு இருமடங்கிற்கும் மேலானது; முந்நூறுக்கும் மேற்பட்ட மெல்லிய குழாய்களைக் கொண்டது. பயன் தீர்ந்த கட்டுகளைக் காற்றுக்கூடப் படாமல் நீருக்குள்ளேயே நகர்த்தி, ஆழமான தொட்டியில் ஆண்டுக்கணக்கில் அமிழ்த்தி வைக்கிறார்கள். அவற்றிலுள்ள சீசியம் பாதியாகக் குறைய முப்பது ஆண்டு. புளுட்டோனியம் பாதியாகக் குறைய இருபத்துநாலாயிரம் ஆண்டு. தொட்டிக்கு அப்பால் இவற்றை வைப்பதற்கான இடத்தைப்பற்றி 2019-இல் அறிவிக்கப்பட்ட பொதுக்கருத்துக் கேட்பும் ஒத்திவைக்கப்பட்டுவிட்டது.

அமெரிக்காவிலே மெய்ன் யாங்கி என்றொரு நிலையம் 1972 முதல் மின்சாரம் தந்து, 1997-இல் நிரந்தரமாக மூடப்பட்டது. எட்டாண்டு பாடுபட்டு, ஏறத்தாழ ஐம்பது கோடி டாலர் செலவழித்து, 2005-இல் கட்டடங்களையெல்லாம் அகற்றிவிட்டார்கள். ஆனால் எரிபொருள் மட்டும் போகவில்லை. கொண்டுபோக இடமில்லாமையால், காங்கிரீட் பெட்டகங்களிலே, காவலர் சூழ, அதே மண்ணில் நிற்கிறது. நம் தேசத்திலோ, ராஜஸ்தானத்து ராவத்பட்டாவின் முதல் உலை 2004 முதல் ஓடவில்லை. எனினும் மின்சாரம் தந்த ஓர் உலையை முற்றாகப் பிரித்தெடுத்து நிலத்தை மீட்ட அனுபவம் நமக்கு இன்னும் வாய்க்கவில்லை.

தென்காசி விசுவநாதர் ஆலயத்தை எழுப்பிய பராக்கிரம பாண்டியனை இங்கே நினையாமல் இருக்க முடியவில்லை. தான் கட்டிய கோயிலுக்குப் பிற்காலத்தில் ஏதேனும் குறை நேர்ந்தால், அதனை நீக்கிக் காப்பவர் யாராயினும் அவர்களை உலகறியப் பணிகிறேன் என்று கல்லிலே பொறித்துவைத்த மன்னன் அவன். குறை நேரும் என்பதை ஒப்புக்கொண்டு, இன்னும் பிறவாதவர் முன்னே முடிதாழ்த்திய பெருந்தகைமை அது. நெருப்பினால் பிளந்து நெடுங்காலம் மொட்டையாய் நின்ற அந்தக் கோயிலின் கோபுரத்தை மீண்டும் எழுப்பி, 1990-இல் குடமுழுக்குச் செய்து கண்டார்கள் நம்மவர்கள். நாமோ பிறவாத சந்ததிக்குப் பணிவையும் சொல்லவில்லை, பணத்தையாவது எடுத்துவைத்தோமா?

அணுமின் நிலையங்களை மூடும் செலவுக்கென்று யூனிட் ஒன்றுக்கு 2 காசு ஒதுக்குவது நம் நாட்டு வழக்கம். 1000 மெகாவாட் உலை ஒருநாள் முழுவதும் நிற்காமல் ஓடினால் 2.4 கோடி யூனிட், அதற்கு 4.8 லட்ச ரூபாய். நாற்பது ஆண்டு ஒருநாளும் ஓயாமல் ஓடினாலும், வட்டி நீங்கலாக, 700 கோடிதான். மெய்ன் யாங்கியின் செலவை ரூபாயாக்கிப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே கூலி அதிகம் என்பது மெய். அப்படியும் இந்தத் தொகை போதாது என்பது என் திடமான அபிப்பிராயம்.

அணுமின்சாரம் வேண்டும் என்பாரும் வேண்டாம் என்பாரும் இந்த அவையில் இருக்கிறீர்கள். இந்த விஷயத்தில் உங்களுக்குள் பேதம் தேவையில்லை. கூடங்குளத்தின் முதல் இரண்டு உலைகளையும் எப்பொழுது, எம்முறையில், எவர் செலவில் மூடப்போகிறார்கள், எரிபொருளை எங்கே வைக்கப்போகிறார்கள் என்ற திட்டத்தை நல்ல தமிழில் அச்சிட்டு, அந்நிலையம் அமைந்த ராதாபுரம் வட்டாரத்துக் கிராம சபைகளில் வைக்க வேண்டுமென்று சர்க்காரைக் கேட்கும் தீர்மானம் ஒன்றை இந்த மேடையில் முன்மொழிகிறேன். அன்புகூர்ந்து எல்லோரும் அதில் கையொப்பமிடுங்கள்.