யாருடைய தட்டு பூமியைச் சுடுகிறது? தாவர இறைச்சியும் சாதியும்

(மாணவர் வாசிப்பு வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உணவும் காலநிலை மாற்றமும் குறித்து முனைவர் பட்ட ஆய்வு செய்து வருகிறேன். நான் மாட்டுக்கறி தின்று வளர்ந்தவன். ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு, மிஞ்சியது கொடியில் உப்புக்கண்டம், இதுதான் எங்கள் வீடு. போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது அம்மா, "அப்படி என்னதான்டா படிக்கிற?" என்று கேட்டார். மாடு விடுகிற ஏப்பம் பூமியைச் சூடாக்குகிறது, அதனால் மாட்டுக்கறிக்குப் பதிலாகப் பட்டாணியிலும் சோயாவிலும் செய்த கறியைத் தின்னச் சொல்கிறார்கள், அதைத்தான் ஆராய்கிறேன் என்றேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ நாம தின்னது தப்பாடா?" என்றார்.

அன்றைக்கு அவருக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. இன்று உங்கள் முன் சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்வோம். அறிவியல் சொல்வது உண்மைதான். மாடு, எருமை, ஆடு போன்ற அசைபோடும் விலங்குகளின் இரைப்பையில் புல்லும் வைக்கோலும் செரிக்கும்போது மீத்தேன் உண்டாகிறது. நூறு ஆண்டுக் கணக்கில் பார்த்தால், கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும் வாயு அது. மனிதச் செயல்பாடுகளால் வெளியாகும் பசுங்குடில் வாயுக்களில் 14.5 விழுக்காடு கால்நடைத் துறையிலிருந்து வருவதாக ஐ.நா.வின் உணவு மற்றும் வேளாண் அமைப்பு 2013இல் கணக்கிட்டது.

2018இல் ஜோசப் பூர், தாமஸ் நெமெசெக் இருவரும் 119 நாடுகளின் ஏறத்தாழ 38,700 பண்ணைகளின் தரவுகளைத் தொகுத்து 'சயின்ஸ்' இதழில் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். கறிக்கென்றே வளர்க்கும் மாட்டிலிருந்து 100 கிராம் புரதம் பெறுவதற்குச் சராசரியாக 50 கிலோ கரியமில வாயுவுக்கு இணையான வெப்பவாயு வெளியாகிறது. சோயாவில் செய்யும் டோஃபுவுக்கு 2 கிலோ. பட்டாணிக்கு அரைக் கிலோகூட இல்லை.

தாவர இறைச்சிக்கான வாதம் இங்கிருந்துதான் தொடங்குகிறது. பட்டாணி, சோயாவின் புரதத்தைப் பிரித்து, சூட்டிலும் அழுத்தத்திலும் நார்நாராக்கி, கறியின் மணமும் மெல்லும் பதமும் வரச் செய்கிறார்கள். 2009இல் தொடங்கிய 'பியாண்ட் மீட்', 2011இல் தொடங்கிய 'இம்பாசிபிள் ஃபுட்ஸ்' ஆகிய அமெரிக்க நிறுவனங்கள் இதைப் பெருவணிகமாக்கின. உலகில் விளையும் சோயாவில் முக்கால் பங்கு விலங்குத் தீவனத்துக்குத்தான் போகிறது. அமேசான் காடு அழிவதற்கு மாட்டுப் பண்ணைகளே முதல் காரணம். தீவனத்தை விலங்குக்குப் போட்டு அதன் கறியைத் தின்பதைவிட, விளைந்ததை நாமே தின்றால் நிலமும் காடும் மிஞ்சும். ஆண்டுக்கு 100 கிலோவுக்கு மேல் இறைச்சி புழங்கும் அமெரிக்கரிடம் இதைச் சொன்னால் அது முழுக்க நியாயம்.

அதே வாதம் விமானம் ஏறி இந்தியாவில் இறங்கும்போது என்ன ஆகிறது?

2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி இங்கே 19 கோடிக்கு மேல் மாடுகள், ஏறத்தாழ 11 கோடி எருமைகள். இந்திய வேளாண் துறையின் வெப்பவாயுக்களில் பாதிக்கு மேல் இந்தக் கால்நடைகளின் செரிமானத்திலிருந்து வருகிறது. இவற்றை யாருக்காக வளர்க்கிறோம்? பிரேசில்போலக் கறிக்காக இங்கே மாடு வளர்ப்பவர்கள் மிகக் குறைவு. உலகிலேயே அதிகம் பால் உற்பத்தி செய்யும் நாடு இது. பாலுக்காகவும் உழவுக்காகவும் வளர்த்த மாடு, மடி வற்றி, உடல் தளர்ந்த பிறகுதான் கறிக்கடைக்கு வருகிறது.

அதே 2018 ஆய்வில், பால் மாட்டிலிருந்து கிடைக்கும் கறிக்கான கணக்கு 50 கிலோ இல்லை, 17 கிலோதான். மாடு விட்ட ஏப்பத்தில் பாலுக்கும் பங்கு உண்டு என்பதால் இந்த வேறுபாடு. இன்னொரு எண்ணையும் கேளுங்கள். 100 கிராம் புரதத்துக்குக் கோழிக்கறி 5.7 கிலோ, சீஸ் 10.8 கிலோ. 'ப்யூர் வெஜ்' சீஸ் பீட்சா தின்றுவிட்டு, சிக்கன் பிரியாணி தின்பவனுக்குச் சூழலியல் பாடம் எடுக்க முடியாது.

கறிக்கடையை மூடினால் பால் மாடு ஏப்பம் விடுவதை நிறுத்திவிடுமா? நிறுத்தாது. கறவை நின்ற பிறகும் தெருவில் நின்று, பிளாஸ்டிக்கைத் தின்று, சாகும்வரை மீத்தேன் விடும். தெருவில் திரியும் மாடுகள் மட்டும் 50 லட்சம் என்று அதே கணக்கெடுப்பு சொல்கிறது. பசுப் பாதுகாப்பு என்பது காலநிலைப் பாதுகாப்பு ஆகாது.

ஆனால் இங்கே சூழலியலின் பெயரால் முதலில் நீளும் விரல் சேரியின் குழம்புச் சட்டியைத்தான் காட்டுகிறது. 2017 மே மாதம், கால்நடைச் சந்தைகளில் இறைச்சிக்காக மாடு விற்கத் தடை விதித்த விதிகளை வெளியிட்டது எந்த அமைச்சகம் தெரியுமா? சுற்றுச்சூழல், வனம் மற்றும் காலநிலை மாற்ற அமைச்சகம். சில நாட்களில் மதுரைக் கிளை உயர்நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. அதே வாரம் சென்னை ஐஐடியில் மாட்டிறைச்சி விருந்தில் பங்கேற்றதற்காக ஆய்வு மாணவர் ஒருவர் கண்ணில் காயம்படும் அளவுக்குத் தாக்கப்பட்டார். அதற்கு முந்தைய ஆண்டு ஊனாவில், செத்த மாட்டின் தோலை உரித்த தலித் இளைஞர்களைக் கட்டிவைத்து அடித்தார்கள். மாட்டுக்கறிக்கும் தீண்டாமைக்கும் உள்ள உறவை அண்ணல் அம்பேத்கர் 1948இலேயே தனி நூலாக எழுதினார். இன்றும் நான் வாடகைக்கு வீடு தேடிப் போனால், முதல் கேள்வி சம்பளத்தைப் பற்றி வருவதில்லை. "நான்வெஜ் சமைப்பீங்களா?" என்றுதான் கேட்கிறார்கள். தீட்டு இப்போது 'கார்பன் தடம்' என்ற சட்டை போட்டுக்கொண்டு வருகிறது.

அதற்காகக் கோபத்தில் அறிவியலையும் சேர்த்துத் தூக்கிப் போட வேண்டுமா? கூடாது தோழர்களே. பூமி சூடானால் முதலில் வேகப்போவது ஏசி அறையில் இருப்பவர்கள் இல்லை. வெயிலில் நாற்று நடுபவர்களும் சாக்கடை அள்ளுபவர்களும்தான் வேகப்போகிறார்கள். 2015 சென்னை வெள்ளத்தில் ஆற்றோரக் குடிசைகள் மூழ்கின. பிறகு அந்த மக்களே நகரத்தைவிட்டுப் பெரும்பாக்கத்துக்குத் தூக்கியெறியப்பட்டார்கள். காலநிலை நம்முடைய பிரச்சனை. அதைப் பார்ப்பனியத்தின் கையில் கொடுத்துவிட்டு வர முடியாது.

அப்படியானால் தாவர இறைச்சியைப் பற்றி நம் நிலைப்பாடு என்ன?

ஒன்று, அதிகம் தின்பவர்கள் முதலில் குறைக்கட்டும். பணக்கார நாடுகளும், இங்கே பன்னீரும் நெய்யும் சீஸும் அளவில்லாமல் புழங்கும் வர்க்கமும் தாவரப் பாலுக்கும் தாவர இறைச்சிக்கும் மாறட்டும். இரண்டு மாடு வைத்துச் சொசைட்டிக்குப் பால் ஊற்றிப் பிழைக்கும் பெண்ணை நான் குற்றம் சொல்லவில்லை. பால் குடிப்பவர் கறி தின்பவருக்கு நீதிபதியாக உட்கார முடியாது என்கிறேன்.

இரண்டு, ஏழையின் தட்டிலிருந்து எதையும் எடுக்கக் கூடாது. நம் நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை என்கிறது 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. மாட்டுக்கறி இவர்களுக்கு மலிவாகக் கிடைக்கும் இரும்புச்சத்து. நகரத்து சூப்பர் மார்க்கெட்டில் நான் பார்த்த தாவரக் கறி, கால் கிலோ பாக்கெட். அந்த விலைக்கு எங்கள் ஊரில் முக்கால் கிலோ மாட்டுக்கறி வாங்கலாம்.

மூன்று, தாவர இறைச்சி நமக்குப் புதிதில்லை. மீல்மேக்கர் வேறென்ன? எண்ணெய் எடுத்த சோயாவின் மாவில் செய்தது. காய்ந்த நிலையில் பாதி எடை புரதம். கறி வாங்கக் காசில்லாத நாளில் நம் அம்மாக்கள் கறி மசாலா அரைத்து அதைத்தான் குழம்பு வைத்தார்கள். அதையும் கூடுதல் பருப்பையும் ரேஷனில் மலிவாகக் கொடுக்கச் சொல்லிக் கேட்போம். சத்துணவில் முட்டை இருக்கட்டும். அதோடு இதுவும் சேரட்டும். கூட்டிக் கொடுங்கள், பிடுங்காதீர்கள் என்பதே நம் கோரிக்கை.

நான் விடுதியில் வாரத்தில் நான்கு நாள் மீல்மேக்கரும் பயறும் சமைக்கிறேன். ஊருக்குப் போனால் மாட்டுக்கறி தின்கிறேன். இரண்டையும் மறைப்பதில்லை. குறைத்தது என் முடிவு. யாரும் எனக்குத் தடை போட்டு வந்த முடிவு இல்லை அது. தடை வருமானால் அன்றைக்கு மாட்டுக்கறி விருந்தில் முதல் ஆளாக உட்காருவேன்.

அம்மாவுக்கான பதில் இதுதான். "நாம தின்னது தப்பே இல்லம்மா. நாம தின்னது அடுத்தவன் பால் கறந்து முடிச்ச மாடு. கணக்கு அங்கிருந்து தொடங்கட்டும்."

ஜெய்பீம்.