ஒரே வரியில் இரண்டு கைகள்



2020-ஆம் ஆண்டில், கொரோனாவினால் கல்லூரிகள் மூடிக்கிடந்த மாதங்களில், சித்தூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் அமர்ந்திருந்த என் தங்கை மகளும், சுமார் 70 கிலோமீட்டருக்கு அப்பால் திருப்பதியிலிருந்த அவளுடைய தோழியும், மண்டிக்கு வந்திறங்கும் கிளிமூக்கு மாம்பழத்துக்கு எடைக்கணக்குப் பார்க்கும் புரோகிராம் ஒன்றை, ஒருத்தி தமிழிலும் மற்றவள் தெலுங்கிலும் பேசிக்கொண்டே, ஏககாலத்தில் ஒரே பக்கத்தில் எழுதியதை அருகிலிருந்து பார்க்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது.

அவர்கள் கையாண்டது, மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தார் 2017 நவம்பரில் அறிவித்த லைவ் ஷேர் என்னும் கருவி. புரோகிராம் முழுவதும் இவளுடைய கணினியிலேயே இருக்க, தோழி தன் திரையில் அதைத் திருத்தவும், இருவருமாக ஓட்டிப் பிழை தேடவும் இயலும். யாருடைய கை எந்த எழுத்தில் நிற்கிறது என்பதைப் பெயர் தாங்கிய சிறு கோடு காட்டிக்கொண்டேயிருக்கும். எழுதி முடித்ததை அனுப்பிப் பிறர் எழுதியதோடு இணைக்கும் கிட் என்னும் ஏற்பாடு தபாலை ஒத்தது. அதன் பயனை நான் குறைத்துச் சொல்லவில்லை; ஆயினும் கடிதம் வேறு, ஒரே திண்ணையில் உட்கார்ந்து சம்பாஷிப்பது வேறு.

இதிலுள்ள சிக்கல் சாமானியமானதன்று. ஒரு வரியின் முகப்பில் இவள் மூன்று எழுத்துகளைச் சேர்க்கும் அதே க்ஷணத்தில், அவள் ஏழாம் எழுத்தை அழிக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 'ஏழாவதை நீக்கு' என்னும் கட்டளை சித்தூர் வந்து சேர்வதற்குள், அவள் கருதிய எழுத்து பத்தாவது ஸ்தானத்துக்கு நகர்ந்துவிட்டது. சொன்னபடியே செய்தால் வேறோர் எழுத்து அழிந்துபோகும். இடையில் நேர்ந்த மாறுதலைக் கணக்கிட்டு ஏழைப் பத்தாக்கிக்கொள்ளும் யுக்தியை 1989-இல் எல்லிஸ், கிப்ஸ் என்னும் அறிஞர் இருவர் வெளியிட்டார்கள். ஒவ்வோர் எழுத்துக்கும் பிறக்கும்போதே மாறாத அடையாளம் அளித்துவிடும் மார்க்கமும் பிற்பாடு தோன்றியது. 1968 டிசம்பர் 9 அன்று, சான் பிரான்சிஸ்கோ மேடையிலிருந்து கணினி ஆராய்ச்சியாளர் டக்ளஸ் எங்கல்பர்ட், ஏறக்குறைய 30 மைல் தூரத்திலிருந்த தம் சகாவோடு ஒரே திரையைப் பகிர்ந்து காட்டிய காட்சி எங்கள் கூடத்துக்கு வந்து சேர அரை நூற்றாண்டு பிடித்தது.

என் மனத்தைக் கவர்ந்தது வேறொன்று. முடிந்துபோன புரோகிராமில் அதை எழுதியவரின் தயக்கம் தெரிவதேயில்லை. இங்கேயோ அது பிரத்தியட்சமாகத் தெரிகிறது. ஒரு மாலை, நிகர எடை காணும் வரியில் இவளுடைய கோடு வெகுநேரம் அசையாமல் நின்றது. இவள் வாய் திறக்குமுன்பே திருப்பதியிலிருந்து, "ஏமைந்தி?" (என்ன ஆயிற்று?) என்று குரல் வந்தது.

"வண்டி எடையை ரெண்டு தரம் கழிச்சிருக்கேன் போல" என்றாள் இவள். அதற்குள் தோழியின் கோடும் அவ்விடத்துக்கு வந்து நின்றிருந்தது.