கோடை விடுமுறையும் தினப்படிக் குறிப்பும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஒப்பனை முடிய இன்னும் இருபது நிமிடம் ஆகும் என்று செயலாளர் கூறுகிறார். அந்த இருபது நிமிடத்தை எனக்கு அளித்து, கோடை விடுமுறையில் மாணவர்களுக்குப் பயன்படத்தக்க ஒன்றைப் பற்றிப் பேசுமாறு பணித்திருக்கிறார்கள். நாட்குறிப்பு எழுதுவதைப் பற்றிப் பேச எண்ணுகிறேன்.

நாட்குறிப்பு என்றதும் பெரியவர்களுக்கு நினைவுக்கு வருவது, புத்தாண்டுதோறும் அலுவலகத்தில் வழங்கும் தடித்த புத்தகமே. ஜனவரி முதல் வாரம் வரை அதில் எழுதியிருப்போம். பிறகு அது பால் கணக்கும் சலவைக் கணக்கும் ஏறும் ஏடாகிவிடும். நான் கூற வந்தது அதுவன்று. ஆண்டு முழுதும் எழுதும் விரதம் எவருக்கும் வேண்டாம். மே மாத நடுவில் தில்லிப் பள்ளிகள் மூடி, ஜூலையில் திறக்கும் வரை உள்ள ஏறத்தாழ 45 நாட்கள் போதும். நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் ஒன்று போதும்.

தமிழில் நாட்குறிப்பு என்றால் முதலில் வணங்கத்தக்கவர் ஆனந்தரங்கப் பிள்ளை. 1709-இல் சென்னைப் பெரம்பூரில் பிறந்தவர். புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயிடம் துபாஷியாக விளங்கியவர். 1736-இல் எழுதத் தொடங்கி 1761-இல் காலமாகும் காலம் வரை ஏறத்தாழ 25 ஆண்டுகள் எழுதினார். பெரிய கொள்கை விளக்கமா எழுதினார்? இல்லை. துறைமுகத்துக்கு வந்த கப்பல், வியாபாரத்தின் ஏற்ற இறக்கம், ஆளுநர் மாளிகையில் நடந்த பேச்சு, ஊரில் உலவிய வதந்தி, இவற்றை அன்றன்று எழுதினார். 1746-இல் பிரெஞ்சுக்காரர் சென்னைப் பட்டணத்தைக் கைப்பற்றிய செய்தியும் அவற்றோடு ஒன்றாக ஏறியிருக்கிறது. அவ்வேடுகள் 1846-இல் புதுச்சேரியில் கண்டெடுக்கப்பட்டன. பின்னர் 1904 முதல் 1928 வரை ஆங்கிலத்தில் 12 தொகுதிகளாக வெளிவந்தன. இன்றும் அக்காலத்துத் தென்னாட்டைப் பற்றி எழுதப் புகும் சரித்திர ஆசிரியர் எவரும் அவரைக் கேட்காமல் எழுத இயலாது.

அவர் எழுதிய தமிழ் எத்தகையது என்பதையே குழந்தைகள் குறிப்பாகக் கேட்க வேண்டும். அது புலவர் தமிழ் அன்று. பேசியவாறே எழுதிய தமிழ். பிரெஞ்சுச் சொல்லும் பாரசீகச் சொல்லும் தாராளமாகக் கலந்த தமிழ். இலக்கண ஆசிரியர் ஒருவர் அருகில் நின்று திருத்திக்கொண்டே இருந்திருந்தால் அவர் மூன்றாம் நாளே எழுதுகோலைக் கீழே வைத்திருப்பார் என்பது என் துணிபு. இதைச் சொல்ல எனக்கு ஒரு காரணம் உண்டு; அதைச் சற்றுப் பின்னர்க் கூறுகிறேன்.

நம்மிற் பலர் விடுமுறையில் ஊருக்குச் செல்வோம். தில்லியிலிருந்து சென்னைக்கு ஏறத்தாழ 2,180 கிலோமீட்டர். இப்பயணத்தைத் தூங்கியும் கைப்பேசியைத் தடவியும் கழிப்பதைப் போன்ற நஷ்டம் வேறில்லை. குழந்தைகளே, ஆறுகளை மட்டும் எழுதுங்கள். தோல்பூரைத் தாண்டியதும் சம்பல், ஹோஷங்காபாத் என்று வழங்கி வந்த நர்மதாபுரத்தின் அருகே நர்மதை, மஞ்சிரியாலுக்கும் ராமகுண்டத்துக்கும் இடையே கோதாவரி, விஜயவாடாவை விட்டதும் கிருஷ்ணை, நெல்லூரில் பெண்ணை. எத்தனை மணிக்குக் கடந்தீர்கள்? தண்ணீர் இருந்ததா, மணல் இருந்ததா? பாலத்தில் யாரேனும் காசு எறிந்தார்களா? மேற்படுக்கையில் உறங்கும் மாமாவை எழுப்பியாவது கேட்டு எழுதுங்கள். தேநீர் விற்பவர் எந்த நிலையத்தில் இந்தியை விட்டுத் தெலுங்குக்கு மாறினார் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பூகோளப் புத்தகம் பத்துப் பக்கத்தில் சொல்வது அந்த ஒரு வரியில் அடங்கிவிடும். பயணச் சீட்டின் ஒரு நகலை அப்பக்கத்தில் ஒட்டிவிட்டால் அன்றைய குறிப்பு முடிந்தது.

ஊருக்குச் செல்லாதவர் வருந்த வேண்டாம். நம் காலனியின் பின்வாயிலுக்கு அருகே ஒரு சரக்கொன்றை நிற்கிறது. லூ என்னும் அனல் காற்று வீசி நாமெல்லாம் கதவை அடைத்துக்கொண்டிருக்கும் மே மாதத்தில், அது இலை உதிர்த்துப் பொன்னிறச் சரங்களாகத் தொங்கும். நம் சங்கப் புலவர்களோ கொன்றையைக் கார்காலத்துக்கு உரிய மரமாகப் பாடினார்கள். பருவம் வரும்முன் பூத்த கொன்றையைக் கண்டு, காலம் தெரியாத பேதை மரம் என்று தோழி தலைவியைத் தேற்றுவதாகக் குறுந்தொகையில் ஒரு பாட்டும் உண்டு. தில்லிக் கொன்றை எப்பொழுது பூக்கிறது, பருவமழை எப்பொழுது வருகிறது என்பதை ஒரு குழந்தை கண்டு எழுதலாகாதா? முதற் பூ என்று. முழுதும் பூத்தது என்று. புழுதிப் புயல் அடித்து உதிர்ந்தது என்று. முதல் மழை என்று. தில்லிக்குப் பருவமழை வழக்கமாக வரும் நாள் ஜூன் 27 என்று வானிலைத் துறையினர் கணித்திருக்கிறார்கள். நம் மரம் எத்தனை நாள் முந்தியது என்று ஜூலையில் கணக்கிட்டுப் பாருங்கள். அந்நாட்களில்தான் சாலையோர நாவற்பழம் விழத் தொடங்கும். அந்த ஊதாச் சாற்றினாலேயே அன்றைய பக்கத்துக்கு வண்ணமும் தீட்டலாம். சட்டையிற் பட்டால் நான் பொறுப்பல்லேன்.

இனி, முன்னர்க் கூறுவதாகச் சொன்ன காரணத்துக்கு வருகிறேன்.

என் மகளுக்கு அப்பொழுது வயது பத்து. விடுமுறைக்குத் தாமிரவருணிக் கரையில் உள்ள எங்கள் ஊருக்குச் சென்றிருந்தோம். நாள்தோறும் தமிழில் ஒரு பக்கம் எழுத வேண்டும் என்று நோட்டுப் புத்தகம் ஒன்றை வாங்கிக் கொடுத்தேன். அவள் பள்ளியில் தமிழ் இல்லை. தலைநகரில் தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகள் ஏழு இருப்பினும், எங்கள் வீட்டிலிருந்து அவை தொலைவு என்று வேறு பள்ளியிற் சேர்த்திருந்தோம். வீட்டில் நான் கற்பித்த எழுத்துத்தான். ஆயினும் அவள் எழுதினாள். என் தாயார் கூறும் சொற்கள் அவளுக்குப் புதுமையாக இருந்தன. வாரியல், சுளவு, ஏனம், அங்கணம், தார்சா என்று ஒவ்வொன்றாக எழுதிப் பக்கத்தில் படமும் வரைந்தாள்.

ஆறாம் நாள் வற்றல் போட்டார்கள். "ஆச்சி கூள் கிண்டினாள். கையைத் தன்னியில் நனைச்சு தொட்டாள். ஒட்டலை. அப்போ வெந்தாச்சு" என்று எழுதியிருந்தாள். நான் சிவப்பு மையை எடுத்தேன். ழகரத்துக்கு ளகரம், ணகரத்துக்கு னகரம், "நனைச்சு" என்பது கொச்சை, "ஒட்டலை" என்பது பேச்சு வழக்கு. அன்றுமுதல் நாள்தோறும் திருத்தினேன். ஒன்பதாம் நாள் பக்கத்தில் பதினொரு சிவப்புக் கோடுகள். அப்பக்கத்தின் கடைசி வரி, ஆச்சி கல்யாணமாகி வண்டியில் இந்த ஊருக்கு வந்த கதையை நாளைக்குச் சொல்கிறேன் என்றாள், என்பது. பத்தாம் பக்கம் வெறுமையாக இருக்கிறது. அதன் பிறகு அவள் எழுதவில்லை. நான் சோம்பல் என்று கடிந்துகொண்டேன்.

அடுத்த ஆண்டு மாசி மாதத்தில் என் தாயார் காலமானார்.

இரண்டு கோடை கழித்து என் மனைவி இங்கே மொட்டை மாடியில் வற்றல் போட முயன்றாள். முதல் முறை கூழ் பதம் தப்பிற்று. அப்பொழுது அந்த நோட்டை நினைவு கூர்ந்து எடுத்து வந்தவள் என் மகளேதான். ஆறாம் நாள் பக்கத்தைப் பார்த்து, கையை நனைத்துத் தொட்டுப் பார்த்து, இரண்டாம் முறை சரியாக வந்தது. ஆனால் வண்டியில் வந்த கதை? மகளைக் கேட்டேன். ஆச்சி மறுநாள் சொன்னது உண்மை. மாட்டின் பெயர் ஏதோ வந்தது, வழியில் ஓர் ஆறு வந்தது. வேறு ஒன்றும் நினைவில்லை என்றாள். என் தமக்கைக்கும் தெரியவில்லை. மகனாகிய நான் என் தாயாரை ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டவள் ஒருத்தி, அவள் எழுத்தை நிறுத்தியவன் நான். அந்த நோட்டு இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. சிவப்புக் கோடுகளை அழிக்க வழியில்லை.

ஆகவே பெற்றோர்களை வேண்டிக்கொள்கிறேன்: குழந்தை காட்டினால் படியுங்கள், காட்டாவிட்டால் கேட்காதீர்கள், திருத்தவே திருத்தாதீர்கள். ழகரம் ஆகஸ்டு மாதத்திலும் கற்பிக்கலாம்.

தமிழ் எழுத அறவே தெரியாத பிள்ளைகளும் இங்கே உண்டு. அவர்கள் படம் வரையட்டும், வாயால் சொல்லட்டும், ஊரிலிருந்து வந்திருக்கும் தாத்தாவோ பாட்டியோ சொன்னபடியே எழுதித் தரட்டும், அதில் ஒரே ஒரு வரியைக் குழந்தை கீழே பார்த்து எழுதட்டும். தாத்தா தொலைவில் இருந்தால், கைப்பேசியில் அவர் பேசுவதைப் பதிவு செய்துகொண்டு பிறகு கேட்டுக் கேட்டு எழுதலாம். கைப்பேசியை நான் முழுதும் வெறுப்பவன் அல்லேன். சில வீடுகளில் ஒரே நோட்டைச் சாப்பாட்டு மேசையில் வைத்து, ஒரு நாள் தந்தை, ஒரு நாள் தாய், ஒரு நாள் பிள்ளை என்று முறை வைத்து எழுதலாம். தந்தையின் முறை வரும்போதுதான் வீட்டில் உண்மையான எழுத்துப் பிழை தெரியவரும்.

எதை எழுதுவது என்று விழிக்கும் நாளும் வரும். அன்று வீட்டில் மூத்தவர் ஒருவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள். முதன்முதல் தில்லி ரயில் நிலையத்தில் இறங்கியபோது கையில் என்ன இருந்தது என்று கேளுங்கள். இந்த மண்டபத்தில் அதற்கு விடை சொல்லத் தெரிந்தவர் நாற்பது பேராவது இருப்பர். எழுதி வைத்தவர் ஒருவரேனும் உண்டோ என்பது ஐயம்.

ஒப்பனை முடிந்தது என்று திரைக்குப் பின்னாலிருந்து கை காட்டுகிறார்கள். வாயிலருகே மேசையில் அறுபது நோட்டுப் புத்தகங்கள் அடுக்கியிருக்கின்றன. நாடகம் முடிந்து செல்லும்போது பிள்ளைகள் ஆளுக்கொன்று எடுத்துச் செல்லலாம். அட்டையில் பெயர் எழுதும் இடத்தை மட்டும் விட்டு, மற்ற எல்லாப் பக்கமும் வெறுமையாகவே வைத்திருக்கிறோம். ஜூலை இரண்டாம் ஞாயிறு மாலை இதே மண்டபத்தில் கூடுவோம். விரும்புகிறவர் தம் நோட்டிலிருந்து ஒரு பக்கம் படிக்கலாம். பரிசு இல்லை, மதிப்பெண்ணும் இல்லை. போண்டா உண்டு என்று செயலாளர் வாக்களித்திருக்கிறார்.