மேடையில் ட்றம்ஸ் வாசிக்கும் பிள்ளைகளுக்கு



கோடை தொடங்கினால் ரொறன்ரோவில் எங்கள் மண்டபங்களுக்கு ஓய்வில்லை. கலியாணம், சாமத்திய வீடு, பழைய மாணவர் ஒன்றுகூடல் என்று ஒன்று மாறி ஒன்று. பாட்டுக் குழுக்களில் இங்கே பிறந்த பிள்ளைகள் பலர் இப்போது ட்றம்ஸ் வாசிக்கிறார்கள். அவர்களுக்கும், வானில் சாமான் ஏற்றி இறக்கித் திரிகிற அப்பாமாருக்கும் சில விசயம் சொல்லலாம் என்று வந்திருக்கிறேன். நான் இருபது வருசத்துக்கு மேலாக வார இறுதிகளில் வாசிக்கிறவன். கிழமை நாளில் வேறு வேலை.

முதலில் ஒரு சின்னச் சாமான். ஹை-ஹட்டின் மேல் சிம்பலைக் கம்பியோடு பிடித்து வைத்திருக்கிற பூட்டுக்குக் கிளச் என்று பெயர். விரல் அளவுதான். ஒருமுறை கலியாண வரவேற்பு ஒன்றுக்குப் போய் எல்லாம் பூட்டிய பிறகு பார்த்தால் அது இல்லை. ஞாயிறு இரவு, கடைகள் பூட்டு. ஒட்டு நாடாவால் சுற்றிக் கட்டி, இரண்டு பாட்டுக்கு ஒருமுறை அவிழ அவிழ வாசித்து முடித்தேன். அன்றிலிருந்து ஒரு சின்னப் பை வைத்திருக்கிறேன். அதற்குள் மிச்சமாக ஒரு கிளச், ட்றம் திறப்பு இரண்டு, சிம்பலுக்கு வைக்கிற கம்பளித் துண்டுகள், பெடலின் சுருள்வில், அகலமான ஒட்டு நாடா, மூன்று சோடி தடி. பையோடு ஒரு பழைய கம்பளமும் வேண்டும். அது இல்லாவிட்டால் பளிங்குத் தரையில் பேஸ் ட்றம் பாட்டுக்குப் பாட்டு முன்னால் ஊர்ந்துகொண்டே போகும்.

புதிதாக வாங்குகிறவர்கள் மினுங்குகிற பெரிய செட்டைப் பார்த்து மயங்க வேண்டாம். பாவித்த செட் ஒன்றை வாங்கி, புதுத் தோல் போட்டு, மிச்சக் காசை நல்ல சிம்பலிலும் பெடலிலும் போடுங்கள். மலிவான ட்றம்மைச் சுருதி பார்த்து ஒப்பேற்றலாம், மலிவான சிம்பலை ஒன்றுமே செய்யேலாது. தோல் இறுக்கும்போது ஒரு ஆணியை இறுக்கினால் அடுத்தது அதற்கு நேர் எதிரே உள்ள ஆணி. வட்டமாக வரிசையில் இறுக்கினால் தோல் கோணும். எங்கள் மண்டபங்களுக்கு 20 அங்குல பேஸ் ட்றம் தாராளம். தடி 5ஏ போதும். சிவமணியைப் பார்த்துவிட்டுத் தண்ணீர்க் கானிலும் பெட்டியிலும் அடித்துப் பார்க்கிற ஆசை எல்லாருக்கும் வரும். வரட்டும், ஆனால் முதலில் ஐந்து நிமிசம் வேகம் கூடாமல் குறையாமல் ஒரே தாளத்தில் நிற்கப் பழகுங்கள். இரவு கடைசியில் பைலா வரும், ஆறெட்டுத் தாளம். சனம் ஆட ஆட வேகத்தைக் கூட்டினால் பாடுகிறவருக்கு மூச்சு முட்டிவிடும்.

மாரியில் இன்னொரு சிக்கல். மைனஸ் இருபதில் இரவு முழுக்க வானுக்குள் கிடந்த சிம்பலை உடனே எடுத்து ஓங்கி அடிக்க வேண்டாம். ஒக்டபாட் என்றால் இன்னும் கவனம். குளிரிலிருந்து சூடான மண்டபத்துக்குள் வந்ததும் உள்ளே ஈரம் படியும். பையைத் திறக்காமல் ஒரு மணித்தியாலம் விட்டுவிட்டுப் பிறகு மின்சாரம் கொடுங்கள். லண்டனிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவந்து தந்ததென்றால் அடப்டரில் 120 வோல்ற் என்று இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே 230.

இனிச் சத்தம். ஒரு நிகழ்ச்சியில் இடைவேளைக்கு ஒரு வயதான அம்மா மேடையடிக்கு வந்தா. "தம்பி, ஜேர்மனியிலிருந்து என்ரை தங்கச்சி வந்திருக்கிறாள். பதினாறு வருசத்துக்குப் பிறகு காணுறம். பக்கத்திலை இருந்தும் ஒரு சொல் கேக்கேல்லை." எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. சனம் மண்டபத்துக்கு வருவது எங்கள் பாட்டுக்காக மட்டும் இல்லை. அதன்பிறகு சாப்பாட்டு நேரத்தில் தடியை வைத்துவிட்டு, மெல்லிய குச்சிகளைக் கட்டாகக் கட்டிய ரொட்ஸை எடுப்பேன். வெறுஞ்சுவரும் பளிங்குத் தரையுமான மண்டபத்தில் ஸ்னெயருக்கு மைக் தேவையே இல்லை, பேஸ் ட்றம்முக்கு ஒன்று போதும். தபேலாக்காரர் பக்கத்தில் இருந்தால் அவருடைய இடக்கை விழுகிற இடத்தில் என் கால் சும்மா இருக்கும். இரண்டும் பேஸ் கிற்றாரும் ஒரே அடித்தொனியில் மோதினால் கேட்பது வெறும் முழக்கம்தான்.

பெற்றோர் இதைக் கட்டாயம் கேளுங்கள். ஒன்ராறியோவில் வேலையிடங்களுக்கு 2016 ஜூலை முதல் உள்ள விதி, எட்டு மணித்தியாலத்துக்குச் சராசரி 85 டெசிபெல். மூன்று டெசிபெல் கூடக்கூட நேரம் பாதியாகும். 88க்கு நாலு மணித்தியாலம், 91க்கு இரண்டு. 100க்கு வந்தால் பதினைந்து நிமிசம். ட்றம்ஸ் வாசிக்கிறவரின் காதடியில் 100ஐத் தாண்டுவது சாதாரணம், நாங்கள் வாசிப்பதோ மூன்று நாலு மணித்தியாலம். என் இடது காதில், ஹை-ஹட் இருக்கிற பக்கம், ஓயாமல் ஒரு கீச்சொலி. இரவில் வீடு அடங்கினால் அதுதான் கேட்கும். காதின் உட்பக்க மயிர்க்கலங்கள் செத்தால் திரும்ப முளைப்பதில்லை, மருந்தும் இல்லை என்று காது பரிசோதித்தவர் சொன்னார். பஞ்சு அடைப்பான் மேல் தொனிகளைக் கூடுதலாக வெட்டும், பாட்டு மூடின மாதிரிக் கேட்கும். அதனால் பிள்ளைகள் கழற்றி எறிந்துவிடுவார்கள். இசைக்காரருக்கென்று வடிகட்டி வைத்த அடைப்பான் எல்லாத் தொனியையும் ஏறக்குறைய ஒரே அளவாகக் குறைக்கும். சாதாரணமானது சில பத்து டொலர்தான். ஒரு சோடி தடி வாங்கும்போதே அதையும் வாங்கிக் கொடுங்கள். பெட்டி ஸ்பீக்கருக்கு முன்னால் ஓடி விளையாடுகிற சின்னப் பிள்ளைகளையும் தள்ளி இருத்துங்கள்.

காசு விசயம் கதைக்கக் கூச்சம்தான். நட்பாகத் தொடங்கிய குழுக்கள் இதனால் உடைந்ததைக் கண்டிருக்கிறேன், எங்களுடையதும் ஒருமுறை உடைந்தது. சவுண்ட்காரருக்கு யார் கொடுப்பது, எத்தனை மணிக்கு முடிப்பது, நேரம் நீண்டால் எவ்வளவு என்பதை முன்கூட்டியே தொலைபேசியில் பேசி, பிறகு எழுத்தில் அனுப்புங்கள். சொந்தக்காரர் வீட்டு நிகழ்ச்சி என்றால் இன்னும் முக்கியம். பாடகர் பிந்தி வரலாம், நாங்கள் பிந்தேலாது. எங்கள் சாமானைப் பூட்டி முடிக்கத்தான் கூடுதல் நேரம்.

தொடர்மாடியில் இருப்பவர்கள் வலைத்தோல் போட்ட மின்ட்றம்ஸ் வாங்கினால் சத்தம் இல்லை என்று நினைப்பார்கள். கைச்சத்தம் இல்லைத்தான். கால்பெடலின் அதிர்வு தரைவழியே கீழ்வீட்டுக்கு இறங்கும். இரண்டு பலகைக்கு நடுவே ரெனிஸ் பந்துகளை வரிசையாகப் பதித்து மேடை மாதிரிச் செய்து அதன்மேல் வையுங்கள், பெருமளவு குறையும். பலகையில் பந்து உருளாமல் இருக்க, பந்தை விடச் சிறிய வட்டத் துளைகள் வெட்ட வேண்டும். இரவு ஒன்பதுக்குப் பிறகு அதுவும் வேண்டாம், தலையணையில் தடியைப் போட்டுப் பழகலாம்.