இறங்கிய இடத்தில் ஏற வேண்டாம்



போன ஆடி மாதம் ஒருநாள் காலை, தென்காசியிலிருந்து டவுன் பஸ் பிடித்துச் சுந்தரபாண்டியபுரத்தில் இறங்கினேன். டீக்கடையில் ஒரு டீ குடித்துவிட்டு, பஸ் வந்த சாலையிலேயே திரும்பி நடக்கத் தொடங்கினேன். கடை வாசலில் உட்கார்ந்திருந்த பெரியவருக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணாச்சி, இப்பதான அந்தப் பக்கத்துலேருந்து வந்திய? திரும்ப நடந்தா போறிய? பஸ் இருக்குல்லா!"

"சும்மா நடக்கலாம்னு."

"சும்மா யாராவது நடப்பாவளா?"

நியாயமான கேள்விதான். காலமெல்லாம் வயலுக்கும் சந்தைக்கும் நடந்தே தீர்த்தவருக்கு, காசு கொடுத்து வந்து நடக்கிறவன் கொஞ்சம் கிறுக்கனாகத்தான் தெரிவான். அன்றைக்கு அவரிடம் சொல்லாத பதிலை இன்றைக்கு உங்களிடம் சொல்கிறேன்.

அந்த ஊர்ப் பக்கம் ஜூலை, ஆகஸ்டில் சூரியகாந்தி பூக்கும். பூ மொட்டாக இருக்கும் வரைதான் சூரியனோடு திரும்பும். நன்றாக விரிந்து முற்றிவிட்டால் கிழக்கே பார்த்து நின்றுவிடும். தென்காசி இருப்பதோ அந்த ஊருக்கு மேற்கே. காரில் வருகிறவர்கள் கண்ணாடி வழியாகப் பார்ப்பது பெரும்பாலும் பூக்களின் முதுகை. ஊர் வரை பஸ்ஸில் போய், மேற்கு நோக்கித் திரும்பி நடந்து பாருங்கள். அத்தனை பூவும் உங்கள் முகத்தைப் பார்க்கும். அவற்றுக்குப் பின்னால் நீலமாக மேற்குத் தொடர்ச்சி மலை, மலை உச்சியில் சாரல் மேகம். கால் வலித்தால் அடுத்த நிறுத்தத்தில் பஸ் ஏறிக்கொள்ளலாம். 'ரோஜா' படத்தின் கிராமம் இதுதான். 'அந்நியன்' படத்துக்காக நடிகர்களின் முகம் வரைந்த பாறையும் இங்கேதான் இருக்கிறது. பாறைக்குக் கூட்டம் அதிகம். எனக்கு வயல்தான் பிடித்தது.

பஸ்ஸில் போய் நடப்பதில் பெரிய வசதி இதுதான். சொந்த வண்டியில் போனால், எவ்வளவு தூரம் நடந்தாலும் வண்டி நிற்கிற இடத்துக்குத் திரும்பி வந்தாக வேண்டும். கயிற்றில் கட்டின கன்றுக்குட்டி மாதிரி. பஸ்ஸில் போகிறவன் இறங்கின இடத்தில் ஏற வேண்டியதில்லை. ஓர் ஊரில் இறங்கி இன்னோர் ஊரில் ஏறலாம். பெண்களுக்கு இன்னும் சௌகரியம், 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் டிக்கெட்டுக்குக் காசு கிடையாது.

இப்படிச் சுற்றுவதற்குத் தென்காசி மாதிரி ஓர் ஊர் அமைவது கஷ்டம். 2019இல் மாவட்டத் தலைநகரம் ஆனாலும் இன்னும் சின்ன ஊர்தான். எந்தப் பக்கம் பஸ் ஏறினாலும் அரை மணி நேரத்தில் வயலோ குளமோ மலையடிவாரமோ வந்துவிடும். புறப்படும் முன் காசி விசுவநாதர் கோயில் கோபுர வாசலில் ஐந்து நிமிஷம் நில்லுங்கள். பதினைந்தாம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் எடுத்த கோயில். இடிந்து நின்ற கோபுரத்தை மறுபடி கட்டி எழுப்பியது 1990இல். வாசலுக்குள் கால் வைத்ததும் காற்று ஆளைத் தள்ளும். செங்கோட்டைக்கு மேற்கே ஆரியங்காவில் மலைத்தொடர் தாழ்ந்து ஒரு கணவாய் இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று அதற்குள் நுழைந்துதான் இந்தச் சீமைக்கு வருகிறது. குற்றாலத்துச் சாரலும் அந்தக் காற்று கொண்டுவருகிற சரக்குதான்.

குற்றாலம் போகாமல் இருக்க முடியாது, போங்கள். சீசனில் பேரருவியில் குளிக்க வரிசையில் நிற்க வேண்டும். குளித்து முடித்ததும் எல்லோரும் மங்குஸ்தான் பழத்துக்கும் சிப்ஸ் கடைக்கும் திரும்புவார்கள். நீங்கள் தலையைத் துவட்டிக்கொண்டு இலஞ்சிப் பக்கம் நடையைக் கட்டுங்கள். இரண்டு மூன்று கிலோமீட்டர்தான். கொஞ்ச தூரத்திலேயே கூட்டத்தின் இரைச்சல் அடங்கி மடையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்கும். அருவியில் உங்கள் தலையில் விழுந்த தண்ணீர்தான் சிற்றாறாகி, கால்வாயில் பிரிந்து இங்கே வயலுக்குப் பாய்கிறது.

இந்த ஊர்களில் நெல்லுக்கு இரண்டு பூ, அதாவது இரண்டு போகம், கார் என்றும் பிசானம் என்றும். காருக்கு ஆனி, ஆடியில் நடவு நடக்கும். அந்த நேரத்தில் வரப்பில் ஏறித்தான் நான் வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஈரமாக, வழவழவென்று, கையால் மெழுகின திண்ணை மாதிரி இருந்தது வரப்பு. போட்டோ எடுக்கலாமென்று நாலு எட்டு வைத்தேன். நாலு எட்டுக்கும் கால் கணுக்கால் வரை புதைந்தது. நாற்றுக்கட்டு சுமந்துவந்த அம்மா ஒருவர் நின்று என்னைப் பார்த்தார்.

"காலையிலதான் சேறு அள்ளிப் பூசிட்டுப் போனாவ. இப்பிடி மிதிச்சா தண்ணி நிக்குமா, ஐயா?"

சத்தம் போடவில்லை. அதுதான் அதிகம் உறைத்தது. பழைய வரப்பின் மேல் புதுச் சேற்றை அணைத்துப் பூசுவது எலி வளையையும் நண்டு வளையையும் அடைத்து வயலில் தண்ணீர் நிற்பதற்காக. ஓர் ஆளின் அரை நாள் வேலையை நான் ஒரு போட்டோவுக்காக உடைத்திருந்தேன். குனிந்து கையாலேயே அள்ளி அடைத்தேன், அவர் சொல்லச் சொல்ல. புல் முளைத்த வரப்பில் தாராளமாக நடக்கலாம். மெழுகின வரப்பில் கால் வைக்கக் கூடாது. இலஞ்சிக் குமாரர் கோயில் பக்கம் வந்து கை கால் கழுவி, அங்கேயே பஸ் பிடித்துத் தென்காசி வந்து சேர்ந்தேன்.

செங்கோட்டைப் பக்கம் போனால் பண்பொழி வரை பஸ் உண்டு. அங்கிருந்து திருமலைக்கோயில் அடிவாரத்துக்கு நடந்து, படியேறி முருகனைப் பார்த்துவிட்டு, மேலே நின்று கீழே தெரிகிற குளங்களை எண்ணலாம். நான் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு எண்ணிக்கை சொல்கிறேன். திரும்பும் வழியில் பிரானூர் பார்டரில் பரோட்டா. ஊருக்குள் ஏன் பார்டர் என்றால், 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்தது. எல்லை போய்விட்டது, பரோட்டா இருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த நடை இது எதுவும் இல்லை. அதற்கு ரயில் ஏற வேண்டும்.

செங்கோட்டையிலிருந்து திருநெல்வேலி போகிற பாசஞ்சரில் ஏறி வலப்பக்க ஜன்னலைப் பிடியுங்கள். காய்கறிச் சந்தைக்குப் பேர்போன பாவூர்சத்திரம் தாண்டியதும் பாதை தெற்கே திரும்பும். அதற்குப் பிறகு மலை உங்கள் கூடவே வரும். 1903இல் மீட்டர் கேஜாகப் போட்ட பாதை, 2012இல் அகலப்பாதை ஆனது. கீழக்கடையம் ஸ்டேஷனில் இறங்கி மேற்கே மலையைப் பார்த்து நடந்தால் கடையம்.

கடையம் பாரதியின் மனைவி செல்லம்மாவின் ஊர். பாரதி புதுச்சேரியை விட்டு வெளியே வந்ததும் கடலூர் அருகே கைதாகி, 1918 டிசம்பரில் விடுதலையாகி, நேரே வந்த இடம் இதுதான். 1920இல் மறுபடி சென்னைக்குப் போகும் வரை ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் இந்தத் தெருக்களில் நடந்திருக்கிறார். மாமனார் ஊரில் வருமானம் இல்லாத மாப்பிள்ளையாக இரண்டு வருஷம். அந்த நடை எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேதான் நான் எப்போதும் இந்த ஊரைக் கடக்கிறேன்.

ஊரைத் தாண்டி மேற்கே வில்வவனநாதர் நித்தியகல்யாணி கோயில், மலையடிவாரத்தில் தனியாக. சாலை வளைய வளைய மலை பெரிதாகிக்கொண்டே வரும். முதலில் ஒரே நீலமாகத் தெரிந்தது பச்சையாகும், பிறகு பச்சையிலேயே பாறையும் ஓடையும் தனித்தனியாகப் பிரியும். கோயில் பக்கத்தில் ஒரு தட்டைப் பாறை. பாரதி வந்து உட்கார்ந்து பாடுவார் என்று ஊரில் காட்டுகிறார்கள். பாறைக்கு அத்தாட்சி ஏது? ஆனால் நடக்கத் தெரிந்தவன் எவனும் இந்த இடத்தில் உட்காராமல் திரும்பியிருக்க மாட்டான். மத்தியானம் இங்கே மயிலின் அகவலும் கோயில் புறாக்களின் சிறகடிப்பும்தான். வேறு சத்தம் கிடையாது.

இங்கே இரண்டு சங்கதி கவனிக்க வேண்டும். கோயிலுக்கு அப்பால் புலிகள் காப்பகத்துக் காடு. கரடியும் சிறுத்தையும் அடிவாரத்துக்கு இறங்குகிற பகுதி, அனுமதி இல்லாமல் ஓரடி கூட உள்ளே போகாதீர்கள். இன்னொன்று, மலை மேற்கே இருப்பதால் இந்த ஊர்களில் சூரியன் கடிகாரத்துக்கு முன்பே மறைந்துவிடும். மறைந்த பிறகும் வெளிச்சம் இருக்கிறதே என்று பாறையில் உட்கார்ந்திருந்து, மாலை ரயிலை நான் ஒரு தடவை விட்டேன். கடையம் கடைத்தெருவில் வந்து, "தென்காசி பஸ் எப்ப வரும்?" என்று பூக்கட்டிக்கொண்டிருந்த அக்காவிடம் கேட்டேன்.

"வந்தா வரும்" என்றார், தலை நிமிராமல். கால் மணி நேரத்தில் வந்தது. பூ வாங்காமல் ஏற மனசு வரவில்லை. ஒரு முழம் பிச்சிப்பூவோடு வீட்டுக்குப் போனதில், நேரமானதை யாரும் கேட்கவில்லை.

நேயர்களே, நீங்கள் புறப்படும்போது ஒரு பாட்டில் தண்ணீர், தலைக்கு ஒரு துண்டு போதும். திரும்பும் பஸ் நேரத்தை இறங்கியதுமே டீக்கடையில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பையில் சில்லறை இருக்கட்டும். டவுன் பஸ் கண்டக்டரிடம் ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டாதீர்கள்.