குற்றஞ்சாட்டப்பட்டவரும் குற்றவாளியும்



சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்தில் சட்டம் பயின்றவரும், குற்றவியல் வழக்கறிஞர் சங்கத்தின் முதல் தலைவருமாகிய சுபாஸ் ஆனந்தன் 2015 சனவரி 7ஆம் நாள் மறைந்தார். ஊரே வெறுத்தோர்க்காகவும் அவர் நாற்பதாண்டுகளுக்கு மேல் மன்றத்தில் வாதாடினார். எவராயினும் முறையான விசாரணைக்கு உரியவரே என்பது அவர்தம் நிலைப்பாடு.

மொழியியல் பயின்ற நாம் இதனை இரு சொற்களில் காண்கிறோம். ‘குற்றஞ்சாட்டப்பட்டவர்’ என்பது வழக்கு நடைபெறுங்காலத்துச் சொல். ‘குற்றவாளி’ என்பது குற்றம் மெய்ப்பிக்கப்பட்டபின் வருஞ்சொல். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட காலமே அவர் பணிக்களம். நாமோ, சுருக்கம் கருதித் தீர்ப்புக்கு முன்னரே ‘குற்றவாளி’ என எழுதிவிடுகிறோம். மாணவர் கட்டுரையிலும் அதனைத் திருத்தாது விடுகிறோம்.

மறைந்தவர் படத்திற்கு மாலை சூட்டுவதினும், அடுத்த கட்டுரையில் அச்சொல்லைத் திருத்துவதே தக்க அஞ்சலியாகும்.