விஜய் ஐயரும் மூவர் கச்சேரியும்

(தோப்பும்படியில் நடந்த உறுப்பினர் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஸங்கீதத்தைப் பற்றி அரைமணி நேரம் பேச வேண்டும் என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். தியாகராஜ ஸ்வாமிகளைப் பற்றியோ, நம் செம்பை வைத்தியநாத பாகவதரைப் பற்றியோ பேசுவேன் என்று அவர் எதிர்பார்த்திருக்கலாம். செம்பையைத் தொடாமல் விடமாட்டேன். ஆனால் நான் எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம் ஒரு ஜாஸ் பியானோ கலைஞர். பெயர் விஜய் ஐயர். அமெரிக்காவில் இருக்கிறார். பியானோ, பாஸ், டிரம்ஸ் என்று மூன்றே பேர் வாசிக்கும் கச்சேரியில் இன்று உலக அளவில் முன்வரிசையில் வைத்துப் பேசப்படுபவர். திரைப்படத்துக்கும் இசை அமைத்திருக்கிறார்.

பெயரில் 'ஐயர்' இருக்கிறது. அவர் படம் பத்திரிகையில் வந்தால் வெட்டி எடுத்து, 'நம்ம பையன்' என்று நாலு பேருக்கு அனுப்புகிறோம். அதில் தப்பில்லை. எதற்காகப் பெருமைப்பட வேண்டும் என்பதைத் தெரிந்துகொண்டு அனுப்பினால் இன்னும் நன்றாயிருக்கும். அதைத்தான் சொல்லப்போகிறேன்.

முதலில் அவர் வரலாறு. 1971இல் நியூயார்க் மாநிலத்து ஆல்பனியில் பிறந்தார். தமிழ்ப் பெற்றோர். மூன்று வயதில் மேற்கத்திய முறையில் வயலின் கற்க ஆரம்பித்தார். பியானோவைக் காதால் கேட்டு, தானாகத் தட்டித் தட்டிக் கற்றுக்கொண்டார். யேல் பல்கலைக்கழகத்தில் கணிதமும் பௌதிகமும் படித்தார். மேல்படிப்புக்கு பெர்க்லியில் பௌதிகத் துறையில் சேர்ந்தார். இதுவரை நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்த கதை. அதற்குமேல்தான் பாதை மாறுகிறது. பெர்க்லியில் இருந்தபோதே அந்த வட்டாரத்து ஜாஸ் கலைஞர்களோடு வாசிக்க ஆரம்பித்தார். பௌதிகத்தை விட்டார். அதே பல்கலைக்கழகத்தில் இசையைப் பற்றியே ஆராய்ச்சி செய்து 1998இல் டாக்டர் பட்டம் வாங்கினார். ஆப்பிரிக்க, ஆப்பிரிக்க-அமெரிக்க இசையில் தாளத்தை மூளை மட்டுமல்ல, உடம்பும் எப்படி அறிகிறது என்பதே ஆராய்ச்சி. கச்சேரியில் தொடையில் தாளம் போட்டுக்கொண்டே கேட்கிற நமக்கு இந்த விஷயத்தை விளக்க வேண்டியதே இல்லை.

2013இல் மக்கார்தர் ஃபெலோஷிப் கிடைத்தது. 2014 முதல் ஹார்வர்டில் பேராசிரியர். 2012இல் 'டவுன்பீட்' என்ற பழம்பெரும் ஜாஸ் பத்திரிகையின் விமர்சகர் வாக்கெடுப்பில் ஒரே வருஷத்தில் ஐந்து பிரிவுகளில் முதலிடம் பெற்றார்.

இனி இந்த மூவர் கச்சேரி எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். பியானோ இருக்கிறது. பக்கத்தில் ஆளுயரத்துக்கு நிற்கும் பெரிய பாஸ். அதைப் பெரும்பாலும் விரலால் மீட்டுவார்கள். அப்புறம் டிரம்ஸ். பியானோக்காரர் நம் பாடகர் மாதிரி, மற்ற இருவரும் பக்கவாத்தியம் என்று தோன்றும். பழைய நாளில் ஏறக்குறைய அப்படித்தான். 1959 முதல் 1961 வரை பில் எவன்ஸ் என்பவர் நடத்திய மூவர் குழுவில் இது வெகுவாக மாறியது. ஸ்காட் லஃபாரோ என்ற இளைஞர் பாஸ் வாசித்தார். அவர் பின்னால் நின்று சுருதியைத் தாங்கிக்கொண்டிருக்கவில்லை. பியானோவுக்குப் பதில் சொன்னார், குறுக்கே கேள்வி கேட்டார். 1961 ஜூன் 25 அன்று நியூயார்க்கில் அவர்கள் வாசித்தது ஒலிப்பதிவாயிற்று. பதினோரே நாளில் லஃபாரோ கார் விபத்தில் போய்விட்டார். வயது 25. அன்றைய பதிவை இன்றும் பியானோ மாணவர்கள் பாடம் மாதிரி கேட்கிறார்கள்.

நம் கச்சேரியோடு ஒப்பிட்டால் சுலபமாகப் புரியும். முதலில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு மெட்டை வாசிப்பார்கள். நம் பல்லவி மாதிரி. பிறகு மெட்டின் எலும்புக்கூட்டை மட்டும் வைத்துக்கொண்டு கற்பனை செய்வார்கள். நிரவலும் கல்பனாஸ்வரமும் போல. கடைசியில் மெட்டுக்குத் திரும்புவார்கள். வித்தியாசமும் உண்டு. நமக்கு ராகம் எல்லை. அவர்களுக்கு, ஒன்றன்பின் ஒன்றாக வரும் ஸ்வரக் கூட்டங்களான 'கார்டு'களின் வரிசை எல்லை. நமக்குத் தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கம் தனியாகப் பேசும். அங்கே டிரம்ஸ் ஆரம்பத்திலிருந்தே பேசிக்கொண்டிருக்கும்.

விஜய் ஐயர் நெடுநாள் நடத்திய குழுவில் பாஸ் ஸ்டீபன் கிரம்ப், டிரம்ஸ் மார்கஸ் கில்மோர். இந்த கில்மோர் ராய் ஹேன்ஸ் என்ற மகா வித்வானின் பேரன். ஹேன்ஸ் சார்லி பார்க்கருக்கு வாசித்தவர். 2024இல் 99 வயதில் காலமானார். ஆக, அங்கேயும் பரம்பரை உண்டு. 2021இல் வந்த 'அன்ஈஸி' ஆல்பத்தில் வேறு இருவர்: பாஸ் லிண்டா மே ஹான் ஓ, டிரம்ஸ் டைஷான் சோரி. 2024இல் வந்த 'கம்பாஷன்' ஆல்பத்திலும் இவர்களே.

2009இல் வந்த 'ஹிஸ்டாரிசிட்டி' என்ற ஆல்பத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கிராமி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. அதில் 'கலாங்' என்று ஒரு உருப்படி. அது லண்டனில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, போரினால் மறுபடி லண்டனுக்கே போன மாதங்கி அருள்பிரகாசம், அதாவது எம்.ஐ.ஏ., பாடிய பாட்டு. அமெரிக்கத் தமிழர் ஒருவர் ஈழத் தமிழ்ப் பெண்ணின் பாட்டை, கறுப்பர்கள் வளர்த்த இசையில் வாசிக்கிறார்! அதே ஆல்பத்தில் 'மிஸ்டிக் ப்ரூ' என்று இன்னொரு உருப்படி. அதற்கு 3, 5, 8, 13, 21 என்ற எண் வரிசையை அடிப்படையாக வைத்தார். முந்தைய இரண்டைக் கூட்டினால் அடுத்தது வரும். மேல்நாட்டில் இதற்கு ஃபிபொனாச்சி வரிசை என்று பெயர். ஆனால் அவருக்கு முன்பே நம் சந்தஸ் சாஸ்திரக்காரர்களுக்கு இது தெரியும். லகுவுக்கு ஒரு மாத்திரை, குருவுக்கு இரண்டு. நான்கு மாத்திரையை லகுவும் குருவுமாக எத்தனை விதத்தில் நிரப்பலாம்? ஐந்து. ஐந்து மாத்திரையை? எட்டு. ஆறை? பதின்மூன்று. விரஹாங்கரும் பிறகு ஹேமசந்திரரும் எழுதி வைத்த கணக்கு. மூன்றும் ஐந்துமாகப் பிரிந்த ஒரு நடையை ஐந்தும் எட்டுமாக, எட்டும் பதின்மூன்றுமாக நீட்டினால் அளவு வளரும். விகிதம் ஏறக்குறைய அப்படியே நிற்கும். காது அந்த ஒற்றுமையை உணர்ந்துகொள்ளும்.

திரைப்பட வேலையையும் சொல்லிவிடுகிறேன். எத்தியோப்பிய இயக்குநர் ஹைலே கெரிமாவின் 'தேஸா' (2008) படத்துக்கு, ஜோர்கா மெஸ்பின் என்ற எத்தியோப்பியக் கலைஞரோடு சேர்ந்து இசை அமைத்தார். பிறகு பிரசாந்த் பார்கவா மதுராவில் ஹோலிப் பண்டிகையைப் படமாக்கிய 'ராதே ராதே'. ஸ்ட்ராவின்ஸ்கியின் புகழ்பெற்ற 'வசந்தச் சடங்கு' நாட்டிய இசைக்கு 2013இல் நூறு வருஷம் நிறைந்தது. அதையொட்டி வட கரோலினாவில் திரையில் படம் ஓட, மேடையில் குழு நேரில் வாசித்தது.

இந்தியாவில் சினிமா இசைக்காரர்கள் ஜாஸ் பக்கம் போனது புதிதல்ல. சங்கர்-ஜெய்கிஷன் 1968இலேயே 'ராக ஜாஸ் ஸ்டைல்' என்று இசைத்தட்டு போட்டார்கள். தோடி, பைரவ், மால்கௌன்ஸ் என்று ஹிந்துஸ்தானி ராகங்கள். ரயீஸ் கான் ஸிதார், மனோகரி ஸிங் ஸாக்ஸபோன். இன்றைக்கும் கேட்க இனிமை. அது நம் ராகத்தை எடுத்து அவர்கள் சட்டை போட்டுப் பார்த்த முயற்சி. விஜய் ஐயரும் கர்நாடக கிடார் பிரசன்னா, தபலா நிதின் மிட்டா இவர்களோடு 2011இல் 'தீர்த்தா' என்ற ஆல்பம் செய்திருக்கிறார். ஆனால் அவருடைய முக்கியமான வழி வேறு. அவர் அந்த வீட்டுக்குள்ளேயே போய் சிஷ்யனாக உட்கார்ந்தார்.

இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயம் இருக்கிறது. ஸ்டீவ் கோல்மன், ராஸ்கோ மிட்செல், வாடாடா லியோ ஸ்மித் ஆகிய மூன்று கறுப்பினப் பெரியவர்களின் குழுக்களில் வருஷக்கணக்காக வாசித்துக் கற்றார். பெரிய பேர் வந்த பிறகும், 2016இல், ஸ்மித்தோடு இருவர் மட்டும் வாசித்த ஆல்பம் வெளியிட்டார். எங்கே பேசினாலும் குருமார் பெயரைச் சொல்கிறார். இந்த இசை யாருடைய துன்பத்திலிருந்து பிறந்தது என்பதையும் சொல்கிறார்.

2014இல் யேல் பல்கலைக்கழகத்தின் ஆசிய-அமெரிக்கப் பழைய மாணவர் கூட்டத்தில் பேசினார். வெற்றி பெற்றவர்கள் நிறைந்த சபை. பாராட்டிப் பேசிவிட்டு இறங்கியிருக்கலாம். அந்த நாட்டில் நடக்கும் அநீதிகளுக்கு, நன்றாக வாழ்கிற நாமும் உடந்தையாக இருக்கிறோமா என்று யோசிக்கும்படி கேட்டார்.

நம்மில் பலருக்குப் பிள்ளையோ பெண்ணோ அமெரிக்காவில் இருக்கிறார்கள். அவர்கள் போக வழி திறந்தது எப்படி? 1946ஆம் வருஷச் சட்டப்படி இந்தியாவுக்கு வருஷத்துக்கு நூறு பேர்தான் ஒதுக்கீடு. 1965 அக்டோபரில் ஜனாதிபதி ஜான்சன் கையெழுத்திட்ட குடியேற்றச் சட்டம்தான் அந்தக் கதவைத் திறந்தது. கறுப்பின மக்கள் தடியடி பட்டு, சிறை சென்று, 1964இலும் 1965இலும் சமஉரிமைச் சட்டங்களைப் பெற்ற அதே வேகத்தில் வந்த சட்டம் அது. அவர்கள் பட்ட பாட்டின் பலனில் நமக்கும் பங்கு கிடைத்தது. விஜய் ஐயர் அந்தக் கடனை உணர்ந்து வாசிக்கிறார். நான் பெருமைப்படுவது அதற்காக.

வேறொருவர் வித்தையை வாங்கிக்கொள்வது நமக்குப் புதிதா? முத்துஸ்வாமி தீக்ஷிதரின் தம்பி பாலுஸ்வாமி தீக்ஷிதர் சென்னையில் வெள்ளைக்காரர் வாசித்த வயலினைக் கற்றுக்கொண்டார். இன்று வயலின் இல்லாமல் நம் கச்சேரி உண்டா?

கொடுக்கும் பக்கம் எப்படி என்று பார்க்க வேண்டும். அதற்கு நாம் தூரம் போக வேண்டாம். இந்தத் தோப்பும்படியிலிருந்து ஐந்தாறு கிலோமீட்டரில் ஃபோர்ட் கொச்சி. 1940 ஜனவரி 10 அன்று அங்கே அகஸ்டின் ஜோஸப் என்ற நாடக நடிகருக்கு ஒரு பிள்ளை பிறந்தது. அந்தப் பிள்ளை திருப்பூணித்துறையிலும் திருவனந்தபுரத்திலும் கர்நாடக ஸங்கீதம் படித்தது. பிறகு செம்பை வைத்தியநாத பாகவதர் அவரை சிஷ்யனாக ஏற்றுக்கொண்டார். அவர்தான் யேசுதாஸ். பிறப்பைப் பார்க்காமல் சாரீரத்தைப் பார்த்தார் பாகவதர். பாலக்காட்டு அக்ரஹாரத்துப் பெரியவர் அந்தக் காலத்தில் செய்த காரியம் இது.

ஆனால் அந்த சிஷ்யர், எத்தனையோ பேரைக் குருவாயூரப்பன் பாட்டால் உருக வைத்தவர், குருவாயூர்க் கோயிலுக்குள் போய் தரிசிக்க வேண்டும் என்ற ஆசையைப் பல வருஷம் வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. 2017இல் திருவனந்தபுரம் பத்மநாபஸ்வாமி கோயில் அவருக்கு அனுமதி தந்தது. கோயில் வழக்கத்தைப் பற்றி முடிவு சொல்ல நான் இங்கே வரவில்லை. தந்திரிகளும் பெரியவர்களும் இருக்கிறார்கள். நம் கையில் இருக்கும் கதவைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

நம் சபையில் ஞாயிற்றுக்கிழமை வாய்ப்பாட்டும் மிருதங்கமும் சொல்லித்தருகிறோம். உறுப்பினர் குழந்தைகளுக்கு மட்டும் என்று விதி. இப்போது வருகிற குழந்தைகள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். பெரியவர்கள் ஆகப் ஆக வெளியூர் போய்விடுகிறார்கள். நம்மைச் சுற்றி யார் இருக்கிறார்கள்? சர்ச் கொயரில் பாடும் குழந்தைகள், மட்டாஞ்சேரியில் கஸல் கேட்டு வளர்ந்த குழந்தைகள், கொங்கணிக்காரர், குஜராத்தியர் வீட்டுக் குழந்தைகள். காது உள்ள குழந்தை எந்த வீட்டில் பிறக்கும் என்று யாருக்குத் தெரியும்?

என் வேண்டுகோள் இது. அடுத்த பொதுக்குழுவில் அந்த விதியை எடுத்துவிடலாம். ஆசார்யனிடம் பணிவு, தினசரி ஸாதகம், தவறாத வருகை என்று நிபந்தனை எத்தனை வேண்டுமானாலும் வைக்கலாம். எந்த வீட்டுக் குழந்தை என்ற நிபந்தனை மட்டும் வேண்டாம். அமெரிக்காவில் கறுப்பினப் பெரியவர்கள் ஓர் ஐயர் வீட்டுப் பிள்ளையிடம் அதைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இன்று நாம் படம் வெட்டி அனுப்ப ஒன்றும் இருந்திருக்காது. மற்ற ஊர்களில் இதைப் படிக்கும் உறுப்பினர்களும் தங்கள் கிளைகளில் இதைப் பற்றி விவாதிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பிள்ளைகள் பாதை மாறுவதைக் கண்டு கவலைப்படும் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. விஜய் ஐயர் பௌதிகத்தை விட்டார், உழைப்பை விடவில்லை. மகனோ மகளோ வேறு வழி கேட்டால், 'யாரிடம் கற்கப்போகிறாய்? எத்தனை வருஷம் அவர் பின்னால் நடப்பாய்?' என்று கேளுங்கள். தெளிவான பதில் வந்தால் பயப்பட வேண்டாம்.

கேட்க ஆசைப்படுபவர்களுக்கு: மைக்கேல் ஜாக்ஸனின் 'ஹ்யூமன் நேச்சர்' பாட்டை விஜய் ஐயர் குழு வாசித்த பதிவிலிருந்து ஆரம்பியுங்கள். முதல்முறை பியானோவை விட்டுவிட்டு பாஸை மட்டும் கவனியுங்கள். இரண்டாம் முறை டிரம்ஸ். மூன்றாம் முறை மூன்றையும் சேர்த்து. முதலில் கரடுமுரடாக இருக்கும். மூன்றாம் முறை கை தானாகத் தாளம் போடும்.